துணியைப் புரட்டிப் பாருங்கள்

வீட்டு அலங்காரத்துக்கு வெளிநாட்டுக் கைவேலைத் துணிகள் வாங்குவது பற்றிக் கேள்விகள் கொஞ்ச நாளாகவே சேர்ந்துகொண்டிருந்தன, அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதற்கே.

*அக்கா, உஸ்பெகிஸ்தான் சுசானி என்று சொன்னார்கள், நான்கு குஷன் கவர் ஆன்லைனில் வாங்கினேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கிலும் ஒரே பூ, ஒரே இடம், ஒரே அளவு. கையால் செய்ததுதானா?*

சுசானி என்பது பட்டு அல்லது பருத்தி நூலால் பூப்பூவாகக் கையால் தைக்கும் எம்பிராய்டரித் துணி, அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரே டிசைனைக் கையால் நான்கு முறை தைப்பதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அச்சில் வார்த்த மாதிரி வராது. ஜிப்பைத் திறந்து கவரை உள்பக்கம் புரட்டுங்கள். கையால் தைத்தது என்றால் நூல் முடிகிற இடத்தில் முடிச்சோ மடிப்போ இருக்கும், ஒரு இதழிலிருந்து அடுத்த இதழுக்கு நூல் தாவியிருக்கும், தையலின் நீளம் கூடக் குறைய இருக்கும். மெஷின் எம்பிராய்டரி என்றால் மேலே எத்தனை நிறம் இருந்தாலும் அடியில் பெரும்பாலும் ஒரே வெள்ளை நூல் சீராக ஓடும், தைக்கும்போது துணி சுருங்காமலிருக்க வைத்த காகிதம் போன்ற தாள் சில இடங்களில் ஒட்டிக்கொண்டும் இருக்கும்.

பெரிய சுசானி விரிப்பில் இன்னொரு அடையாளம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. அகலம் குறைந்த கைத்தறித் துண்டுகளைப் பக்கம் பக்கமாக லேசாக இணைத்து, மொத்தத்துக்கும் ஒருவர் டிசைன் வரைவார். அப்புறம் துண்டுகளைப் பிரித்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்றாகத் தைப்பார்கள், தைத்து முடிந்ததும் மறுபடி சேர்ப்பார்கள். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு, சிவப்பு நூலும் வேறு சாயத் தொகுதியாக இருந்திருக்கலாம். அதனால் இணைப்பில் பாதிப் பூவும் மறுபாதியும் கொஞ்சம் விலகி நிற்கும். அதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மற்ற துணிகளுக்கும் புரட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. இக்கத் என்கிற நெசவில் நூலைக் கட்டிச் சாயம் தோய்த்த பிறகுதான் நெய்கிறார்கள், ஆகவே நிறம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும், டிசைனின் ஓரம் கலைந்த மாதிரி இருக்கும். ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்து பின்பக்கம் வெளிறியிருந்தால் அது இக்கத் டிசைன் அச்சடித்த துணி. மெழுகால் டிசைனை மறைத்துச் சாயமேற்றும் இந்தோனேசிய பாத்திக்கிலும் இப்படித்தான், துலிஸ் என்கிற கையால் மெழுகு வரைந்த நல்ல துணியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தெளிவு. செப்பு முத்திரையால் மெழுகு ஒற்றுகிற சாப் வகையைச் சிலர் போலி என்கிறார்கள். அது சரியில்லை, அதுவும் கைவேலைதான், விலை மட்டும் குறைவாக இருக்க வேண்டும்.

கம்பளத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முடிச்சுப் போட்டு நெய்த கம்பளத்தின் பின்பக்கம் முடிச்சுகள் வெளியே தெரியும், முன்பக்க டிசைனே அங்கும் இருக்கும். குஞ்சம் என்பது பாவு நூலின், அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூலின் தொடர்ச்சி, தனியாகத் தைத்து ஒட்டியது அல்ல. பழுது பார்த்த பழைய கம்பளத்தில் தைத்த குஞ்சம் இருக்கலாம், புதியதில் இருந்தால் யோசியுங்கள். பின்பக்கம் முழுக்க ஒரு துணி ஒட்டி மூடியிருந்தால் அது 'டஃப்டட்' வகை: கையில் பிடிக்கும் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைத் துணிக்குள் செலுத்தி ரப்பர் பசையால் நிறுத்தியது. அதையும் 'கையால் செய்தது' என்றே விற்கிறார்கள். சொல் பொய் இல்லைதான், ஆனால் முடிச்சுக் கம்பளத்தின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், சில வருடங்களில் பசை காய்ந்து பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

*மேடம், அந்தந்த நாட்டுக்குப் போய் வாங்க வசதியில்லை. நேரடியாக நெசவாளர்களிடம் வாங்குவது எப்படி? இடைத்தரகர் இருந்தால் தவிர்த்துவிட வேண்டுமா?*

இடைத்தரகர் என்றாலே திருடர் என்று நான் சொல்ல மாட்டேன். மலைக் கிராமத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவர் பார்சல் கட்டி, சுங்கப் படிவம் நிரப்பி, உங்கள் மெசேஜுக்கு இரவில் பதிலும் சொல்ல முடியுமா? யாரோ ஒருவர் அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டும். அவர் யாரிடமிருந்து வாங்குகிறார் என்பதைச் சொல்கிறாரா, அதுதான் கேள்வி. எந்த ஊர், என்ன நூல், என்ன சாயம், ஒன்று முடிய எவ்வளவு நாள், செய்தவருக்குப் பணம் முன்பே போய்விட்டதா விற்ற பிறகா. இந்த ஐந்தையும் கேளுங்கள். உண்மையிலேயே தொடர்பு உள்ளவர் நீங்கள் நிறுத்தச் சொல்லும் வரை பேசுவார். 'பழங்குடி மக்கள் பாரம்பரிய முறையில் செய்தது' என்று மட்டும் சொல்லி நிறுத்துபவருக்கு அதற்கு மேல் தெரியாது.

கூட்டுறவுகளும் நெசவாளர் மையங்களும் நல்ல வழி. பெருவில் குஸ்கோவின் பாரம்பரிய நெசவு மையம் 1996 முதல் சுற்றியுள்ள மலைக் கிராம நெசவாளர்களோடு வேலை செய்கிறது. அமெரிக்காவின் சான்டா ஃபேயில் 2004 முதல் நடக்கும் பன்னாட்டு நாட்டுப்புறக் கலைச் சந்தைக்குப் பல நாட்டுக் கைவினைஞர்கள் நேரில் வருகிறார்கள். அங்கே போக முடியாவிட்டாலும் பங்கேற்பவர்களின் பட்டியல் ஒரு நல்ல முகவரிப் புத்தகம். கம்பளத்துக்கு 'குட்வீவ்' முத்திரை இருக்கிறதா பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் நெய்ததற்கான அடையாளம் அது, 1994-ல் கைலாஷ் சத்யார்த்தி 'ரக்மார்க்' என்ற பெயரில் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்குச் சட்டமே இருக்கிறது: 1993-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளி ஹெப்ரைட்ஸ் தீவுவாசிகள் தங்கள் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயர். நாற்காலிக்கு உறை போட அருமையான துணி.

முத்திரை இல்லாததெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. முத்திரை வாங்கவும் செலவாகும், தனியாக நெய்யும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

*மொராக்கோவின் 'கள்ளிப் பட்டு' என்று மின்னும் குஷன்கள் விற்கிறார்களே, உண்மையா?*

பெரும்பாலும் ரேயான், அதாவது மரக்கூழிலிருந்து ஆலையில் செய்யும் நூல். நெய்தது கையால்தான் இருக்கலாம், நிறமும் அழகு, வாங்குங்கள், ரேயான் விலைக்கு. ஒரு இழையைப் பிரித்து எரித்துப் பார்ப்பது இங்கே உதவாது, ரேயானும் மற்ற தாவர நாரும் காகிதம் எரிகிற வாசனைதான் தரும். கம்பளியும் பட்டும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும், அவற்றைப் பிரித்தறிய அந்தச் சோதனை போதும்.

*மாலி நாட்டு மண் துணி ஒன்று பரிசாகக் கிடைத்தது. சோபா மேல் போடலாமா, சுவரில் மாட்டலாமா? துவைப்பது எப்படி?*

கொடுத்து வைத்தவர்! போகொலான் என்கிற இந்த மண் துணியைப் பருத்தியில் பட்டை பட்டையாகக் கையால் நெய்து சேர்ப்பார்கள். இலைச் சாற்றில் ஊறவைத்து மஞ்சளாக்கி, ஊறிப் பழுத்த மண்ணால் அதன் மேல் வரைவார்கள். இலையில் இருக்கும் டானின் என்கிற துவர்ப்புச் சத்தும் மண்ணில் இருக்கும் இரும்பும் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு. ஆனால் அதே இரும்பு வருடக்கணக்கில் பருத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், பழைய துணிகளில் கறுப்புப் பகுதி முதலில் நைந்துபோவது இதனால்தான். தினமும் ஆள் உட்கார்ந்து எழும் இடம் வேண்டாம், சுவர்தான் சரி.

மாட்டும்போது ஆணி அடிக்காதீர்கள். பின்பக்கம் மேல் ஓரம் முழுக்க ஒரு பருத்திப் பட்டையைக் குழாய் மாதிரி தைத்து அதற்குள் கம்பியைச் செருகினால் எடை ஒரே இடத்தில் இழுக்காது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்று வைக்கின்றன, அது ஏறக்குறைய மங்கல். வீட்டில் அப்படி இருட்டிலா உட்கார முடியும்? சில மாதம் மாட்டி, சில மாதம் சுருட்டி வைத்தால் போதும். மடிக்க வேண்டாம், சுருட்டுங்கள், உள்ளே ஒரு பழைய வெள்ளைப் பருத்தித் துணி வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தூசிக்கு, உறிஞ்சும் கருவியின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டி மிகக் குறைந்த வேகத்தில் இழுங்கள்.

இதைக் கேட்டவர் கம்பளித் துணியும் வைத்திருந்தால் ஒரு கூடுதல் குறிப்பு. அந்துப்பூச்சி வந்துவிட்டால் துணியைக் காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள், முட்டை உட்பட எல்லாம் சாகும்.

*சடங்குக்கான துணியை டைனிங் டேபிளில் விரிப்பது தவறா? தோழி திட்டினாள்.*

எந்தத் துணி என்று எழுதவில்லையே. பாலித் தீவின் தெங்கானான் கிராமத்து கெரிங்சிங் என்றால் தோழி பக்கம்தான் நான். பாவு, குறுக்காக ஓடும் ஊடை இரண்டு நூலையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமேற்றும் அந்த இரட்டை இக்கத், தீமையைத் தடுக்கும் காவல் துணி என்று அந்த மக்கள் நம்புவது. விற்பனைக்கென்றே நெய்த மேசை விரிப்பு என்றால் தாராளமாக விரியுங்கள். செய்தவர்கள் அதை எங்கே வைப்பார்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். உடம்பில் போர்த்துவதையும் தலையில் கட்டுவதையும் கால்மிதியாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

*பேரம் பேசலாமா?*

சந்தையில் விலையை ஏற்றிச் சொல்லும் வழக்கம் இருந்தால் பேசுங்கள். கூட்டுறவில், செய்தவர் பெயரோடு விலைச்சீட்டு தொங்கும் இடத்தில் வேண்டாம்.

*நூறு வருடப் பழைய துணி என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா அக்கா?*

வயதுக்கு ஆதாரம் கேளுங்கள், அப்புறம் ஏற்றுமதி அனுமதியையும் கேளுங்கள். துருக்கியில் பழைய கம்பளத்தை வெளியே கொண்டுபோக அருங்காட்சியகச் சான்று வேண்டும், வேறு பல நாடுகளிலும் இப்படி விதிகள் இருக்கின்றன. புதுத் துணியை வெயிலில் வெளுக்க வைத்தும் தேநீரில் ஊற வைத்தும் பழசாக்குகிறார்கள். நூலை லேசாக விலக்கி அடியைப் பாருங்கள்: மேலே வெளிறி அடியில் அழுத்தமான நிறம் மெதுவாக மாறினால் வெளிச்சத்தில் காலம் செய்தது, மாற்றம் சட்டென்று ஒரு கோடாக இருந்தால் வேண்டுமென்றே வெளுத்ததாக இருக்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால், புதுத் துணிக்கு என்ன விலை கொடுப்பீர்களோ அதற்கு மேல் போகாதீர்கள்.