அப்பாவுக்குப் பென்டிரைவ் போதும்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் அப்பா கணினியைத் தொடமாட்டார், கோவில் ஆண்டறிக்கையைக் காதால் கேட்க வேண்டும், அதுதானே? முதலில் அந்த அறிக்கைக் கோப்பு யூனிகோடா, அதாவது இன்று எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற எழுத்து முறையா என்று பாருங்கள்; பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் வாசிக்கும் குரல் உளறிக் கொட்டும். சரியென்றால் எழுத்தைக் குரலாக வாசிக்கும் எட்ஜ்-டிடிஎஸ் (edge-tts) என்ற இலவச நிரலில் எம்பி3 ஆக்கலாம். மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள் உண்டு.

என் மாமாவுக்குப் பென்டிரைவ் செருகும் சின்ன ரேடியோ வாங்கினேன். ஒரே நீளக் கோப்பாகப் போட்டது என் தப்பு. கரண்டு போனால் மறுபடி வரவேற்புரைதான்! பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, 01, 02 என்று பெயரிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுங்கள். மலிவு ரேடியோக்கள் பல, பெயரைப் பார்க்காமல் நகலெடுத்த வரிசையில்தான் பாடும். அப்புறம், அடுத்ததற்குப் போகும் பொத்தானில் ஒரு சொட்டுச் சிவப்பு நகப்பூச்சு வையுங்கள். மாமா அதை மட்டும்தான் அமுக்குவார்.