மிஷின் இல்லாமல், வாடகை வீட்டில், கையாலேயே மரச்சாமான் செய்ய முடியுமா?

வாடகை வீடு, வாரத்தில் ஒருநாள்தான் லீவு, மரவேலை துளியும் தெரியாது. ஆனாலும் பொழுதுபோக்காக ஸ்டூல், மேசை என்று சொந்தக் கையால் செய்து பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது, கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மலிவாக முடியாது. முதல் வருடம் கருவிகளுக்கு மட்டும் எனக்கு ஆறாயிரத்துச் சொச்சம் செலவானது. அந்தக் காசுக்கு நல்ல டீப்பாய் ஒன்றே வாங்கியிருக்கலாம். என் முதல் ஸ்டூலுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. ஒரு ஆசாரி அதை ஒன்றரை நாளில் முடித்துவிடுவார். கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாத வேலை இது.

சரி, முடியுமா என்றால் முடியும். சென்னையில் ஒரு வாடகை வீட்டு மொட்டை மாடியில் 2017-லிருந்து செய்துகொண்டிருக்கிறேன். நான் தொடங்கியது மகா தப்பாக. அந்தத் தப்பைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் காம்பவுண்டுக்குள் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. ஊரெங்கும் மரங்கள் விழுந்து கிடந்த வாரம் அது. வீட்டு ஓனர் விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அடிமரத்தில் ஆறடித் துண்டை மட்டும் எனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அறுக்கக் கொண்டுபோன மரவாடியில், "வீட்டு வாசல் மரமாம்மா? ஆணி இருக்கும், அறுக்க மாட்டோம்" என்று கையை விரித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கொடி கட்ட, போர்டு மாட்ட என்று நாம் அடிக்கிற ஆணிகளை மரம் வருடக்கணக்கில் உள்ளே விழுங்கி வைத்திருக்கும். வாள் அதில் பட்டால் பல் போய்விடும். பிளேடு போனால் நான்தான் காசு தரவேண்டும் என்ற பேச்சில் கடைசியில் அறுத்துக் கொடுத்தார்கள். ஒரு அங்குலப் பலகைகள் ஒன்பது கிடைத்தன. துணி காயப்போட்ட கொக்கி ஒன்று பலகைக்கு நடுவே கறுப்பாகக் கிடந்தது. நல்லவேளை, வாள் அதை ஒட்டிக்கொண்டு போயிருந்தது.

இரண்டே மாதத்தில் நாலைந்து வீடியோக்களைப் பார்த்துவிட்டு டீப்பாய் செய்ய இறங்கினேன். (டீப்பாய்க்கும் டீக்கும் சம்பந்தம் இல்லை. மூன்று கால் என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. நான் செய்ததற்கு நாலு கால்.) மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி மேல்பலகை. அதைச் சட்டத்தின் மீது ஃபெவிகால் தடவி வைத்து, அடியிலிருந்து எட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். உறுதியோ உறுதி. நானே மேலே ஏறி நின்று காட்டினேன். மே மாதம் ஒருநாள் ராத்திரி ஹாலில் பட்டென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், மேல்பலகையில் முழம் நீளத்துக்கு வெடிப்பு. ஒட்டிய இடத்தில் இல்லை. நல்ல பலகைக்கு நட்டநடுவே.

அப்போது பக்கத்துத் தெருவில் கதவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து அடியில் பார்த்தார். "அறுத்து எத்தனை மாசத்துல செஞ்சம்மா?" என்றார். இரண்டு என்றேன். "பச்சை மரத்தை இப்படி நாலு பக்கமும் கட்டிப்போட்டா அது வேற என்னதான் பண்ணும்?"

நான் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். காய்கிற மரம் சுருங்கும். காய்ந்த பிறகும் மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், வெயில்காலத்தில் கொஞ்சம் சுருங்கும். நீளவாக்கில் இந்த ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அகலவாக்கில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறக்குறைய இரண்டு பங்கு என்றால், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு பங்கு. இந்த ஏறுமாறால்தான் பலகை வளைகிறது. என் மேல்பலகை இருபது அங்குல அகலம். ஈரம் வற்ற வற்ற அது கால் அங்குலத்துக்கு மேல் சுருங்கப் பார்த்திருக்கும். பசையும் எட்டு ஸ்க்ரூவும் விடவில்லை. அதனால் கிழிந்துகொண்டது. பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பிளைவுட்டில் பழகிய கையோடு மரத்துக்கு வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பும் இதுதான்.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது பாட்டி வீட்டு மணையைத் திருப்பிப் பார்த்தேன். அதுவரை எத்தனையோ தடவை அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அடிப்பக்கம் பார்த்ததில்லை. ஒற்றைப் பலாப்பலகை. அடியில் குறுக்கே இரண்டு கட்டைகள். ஆணி ஒன்றுகூட இல்லை, பசை இருந்த தடமும் இல்லை. பலகையில் உள்ளே அகன்றும் வாயில் குறுகியும் பள்ளம் வெட்டி, அதே வடிவில் சீவிய கட்டையைப் பக்கத்திலிருந்து சொருகியிருந்தார்கள். கட்டை கழன்று விழாது, பலகை வளையவும் விடாது. ஆனால் பலகை அகலவாக்கில் சுருங்கவும் விரியவும் தாராளமாக இடம் இருக்கிறது. எந்த ஆசாரி செய்தாரோ, எனக்கு மே மாத ராத்திரியில் தெரிந்த விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அதனால் நீங்கள் மணையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பலகை, இரண்டு கட்டை, அவ்வளவுதான். அந்தச் சொருகு பள்ளம் முதல் தடவையே வராது. வராவிட்டால் கட்டைகளில் ஸ்க்ரூவுக்கான துளையைப் பலகையின் அகலவாக்கில் கொஞ்சம் நீளமாக இழுத்து வெட்டிக்கொள்ளுங்கள். பலகை நகரும்போது ஸ்க்ரூவும் அந்தத் துளைக்குள் நகரும். பசை வேண்டாம். மேசையின் மேல்பலகையைச் சட்டத்தில் பொருத்துவதும் இதே வழியில்தான்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கைரம்பம் ஒன்று, அரை அங்குல உளி ஒன்று, கால் அங்குல உளி ஒன்று, மரத்தைச் சீவி மட்டமாக்க இரும்பு இழைப்புளி, செங்கோணம் பார்க்க மூலைமட்டம், உளியைத் தட்டும் மரச்சுத்தியலான கொட்டாப்புளி, ஒட்டியதை இறுக்கிப் பிடிக்க நாலு கிளாம்ப். செட்டு செட்டாக உளி வாங்காதீர்கள். என்னிடம் இருக்கும் ஆறில் நாலு இன்னும் புதுசாகத்தான் இருக்கின்றன. ஆனால் கடையிலிருந்து வரும் உளி வெட்டாது. அதைத் தீட்டிய பிறகுதான் அது உளி. தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாக ஒட்டி, 400-ஆம் எண் தாளில் தொடங்கி 1000, 2000 என்று ஏற்றிக்கொண்டு போங்கள். எண் ஏற ஏறத் தாள் நைசாகும். முனைச்சாய்வு 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். தட்டைப் பக்கத்தையும் முனையருகே கண்ணாடி மாதிரி ஆக்கவேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தொங்கும் செய்தித்தாளை முனை இழுக்காமல் அறுத்தால் போதும். நான் முதல் மூன்று மாதம் மொண்ணை உளியோடு மல்லுக்கட்டிவிட்டு, எனக்குக் கைவேலை வராது என்றே முடிவுகட்டியிருந்தேன். கை தப்பிப் பெரிய வெட்டு விழுவதும் பெரும்பாலும் மொண்ணை உளியால்தான். அழுத்தித் தள்ளுவோம், வழுக்கும். இடதுகை எப்போதும் முனைக்குப் பின்னால் இருக்கட்டும்.

வேலை மேசை இல்லை என்று தயங்கவேண்டாம். நம் ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து காலாலேயே மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது இடுப்பு வலியில் முடிந்தது. இப்போது ஒரு பழைய கனத்த பெஞ்சை மாடிக் கைப்பிடிச் சுவரோடு அணைத்துப் போட்டுவிட்டு, சுவரை நோக்கி இழைக்கிறேன். சுவர் தாங்கிக்கொள்ளும். சத்தம் என்று பார்த்தால் ரம்பமும் இழைப்புளியும் யாரையும் எழுப்பாது. உளியைத் தட்டுவதுதான் கீழ்வீட்டுக்குக் கேட்கும். பெஞ்சுக்கடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். அப்புறம் கீழ்வீட்டு அக்காவுக்கு ஒரு மணையும் செய்து கொடுத்தேன். இரண்டாவதுதான் நன்றாக வேலை செய்தது.

மரம் வாங்குவது தனிக் கலை. மரவாடியில் கன அடிக் கணக்கு. 12 அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன், 12 அடி நீளம் இருந்தால் அது ஒரு கன அடி. சின்ன ஸ்டூலுக்குக் கால் கன அடி போதும், கழிவோடு சேர்த்து ஒரு கன அடியில் மூன்றில் ஒரு பங்கு வாங்குங்கள். வாளில் அறுத்த அளவும் இழைத்த அளவும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு அங்குலப் பலகை இழைத்து முடிக்கும்போது முக்கால் அங்குலம்தான் நிற்கும். நிறமும் கனமும் கொண்ட வைரப் பகுதியைக் கேளுங்கள். ஓரத்து வெளிறு பூச்சிக்குத்தான் போகும்.

எடுத்தவுடன் தேக்குக்குப் போகாதீர்கள். அது அழகாகத்தான் இழையும், ஆனால் நீங்கள் கெடுக்கப்போகும் முதல் பலகைக்கு அந்த விலை தண்டம். வேம்பையும் முதல் மரமாகச் சொல்லமாட்டேன். பூச்சி அண்டாதுதான், ஆனால் நார் ஒரு பட்டையில் இப்படியும் அடுத்த பட்டையில் அப்படியும் ஓடும். எந்தப் பக்கம் இழைத்தாலும் எங்காவது பிய்த்துக்கொண்டு வரும். போதாததற்கு அதன் தூள் உதட்டில் பட்டால் கசக்கும், அன்று டீகூடக் கசந்தது. பழகுவதற்குப் பெட்டி மரமான பைன் நல்லது. சரக்கு வந்திறங்கும் பேலட்டுகளைப் பழைய மரக்கடையில் பிரித்து விற்பார்கள். அதில் எச்.டி. (HT) என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடாதீர்கள். இடித்த வீடுகளின் கதவு, நிலை விற்கும் கடைகளும் தேடத்தக்கவை. எத்தனையோ வருடம் காய்ந்த மரம் அங்கே கிடைக்கும். உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு ரம்பத்தை வையுங்கள்.

பச்சைப் பலகைதான் கிடைத்தது என்றால் காயவையுங்கள். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது ஆசாரி சொன்ன கணக்கு. நிழலில், தரையைவிட்டு உயர்த்தி, பலகைக்குப் பலகை நடுவில் ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கவேண்டும். சட்டங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக இருக்கட்டும். இரு முனைகளிலும் பெயின்ட் பூசிவிட்டால் முனை வெடிப்பு குறையும். மிச்சமிருந்த என் ஆறு வேப்பம்பலகைகள் இப்படி ஒரு வருடத்துக்கு மேல் பால்கனியில் கிடந்தன. என் மாமியார் அதை ஊறுகாய் ஜாடி வைக்கும் இடமாக மாற்றிவிட்டார்.

மணைக்கு அடுத்தது ஸ்டூல். காலில் துளை, கால்களை இணைக்கும் சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும்படி சீவிய கழுந்து. சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு கழுந்தின் தடிமன். துளையை முதலில் வெட்டிவிட்டு அதற்கேற்பக் கழுந்தைச் சீவுங்கள், மாற்றிச் செய்தால் அவதி. கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தி முனையால் கீறினால் உளி அந்தக் கீறலிலேயே உட்காரும். கழுந்து கையால் அழுத்தினால் உள்ளே போகவேண்டும். சுத்தியல் கேட்டால் இன்னும் சீவவேண்டும், தானாக விழுந்தால் ரொம்பச் சீவிவிட்டீர்கள். ஃபெவிகால் இடைவெளியை நிரப்பாது, ஒட்டி உட்காரும் இரண்டு பரப்புகளைத்தான் பிடிக்கும். கிளாம்ப் போட்டவுடன் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சதுரம், இல்லாவிட்டால் பசை காய்வதற்குள் திருகிச் சரிசெய்யுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும்.

செய்து முடித்த ஸ்டூல் ஆடும். எல்லோருடையதும் ஆடும். அதற்காக ஒவ்வொரு காலாகக் கொஞ்சம் கொஞ்சம் அறுத்துக்கொண்டே போனால் ஸ்டூல் மணையாகிவிடும். மட்டமான தரையில் வைத்து, ஆடும் காலுக்கு அட்டைத் துண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஒரு சின்னக் கட்டை மேல் பென்சிலைப் படுக்கவைத்து நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டு, கோட்டில் அறுங்கள்.

மெருகு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்புத்தாளில் 80, 120, 180, 240 என்று வரிசையாகப் போங்கள், நாரின் போக்கில் மட்டும் தேயுங்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசுவது புதியவர்களுக்கு எளிது, தப்பானால் ஸ்பிரிட்டாலேயே துடைத்துவிடலாம். சூடான காபி டபராவை வைத்தால் வெள்ளை வளையம் விழும், அது ஒன்றுதான் குறை. ஆளிவிதை எண்ணெய் பூசினால், பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ கொடியில் விரித்தோ காயப்போடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. வேப்பந்தூள்தானே, மருந்துதானே என்று நானும் நினைத்திருக்கிறேன்.

அந்த டீப்பாயை நான் தூக்கிப் போடவில்லை. ஆசாரி சொன்னபடி பசையைப் பெயர்த்து, ஸ்க்ரூ துளைகளை நீளமாக்கித் திரும்பப் பூட்டினேன். வெடிப்பை அப்படியே விட்டுவிட்டேன், அதற்குமேல் நீளவில்லை. ஐப்பசி அடைமழையில் அதற்குள் ஒரு காகிதம்தான் நுழையும். சித்திரையில் பஸ் டிக்கெட்டை மடித்தே சொருகலாம், என் பையன் சொருகியும் வைத்திருக்கிறான்.