ரகசிய மாற்கு நற்செய்தி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேளுங்கள் என்றேன், குவித்துவிட்டீர்கள். கிரேக்கக் கையெழுத்துப் படிகளும் தொடக்க நூற்றாண்டுத் திருச்சபை வரலாறும்தான் எனக்குப் பழக்கமான இடம். அதற்குள் வரும் கேள்விக்கு விரிவாகச் சொல்கிறேன். வராததற்கு ஒரு வரிதான்.

கோவை வாசகர்: ரகசிய மாற்கு என்றால் என்ன சார்? எங்கே கிடைத்தது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

1958 கோடையில் கொலம்பியா பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் மார்ட்டன் ஸ்மித், பெத்லகேமுக்குக் கிழக்கே கிதரோன் பள்ளத்தாக்கில் உள்ள மார் சபா மடத்துக்குப் போனார். அது 5ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடம். அங்கே இருந்த கையெழுத்துப் படிகளுக்குப் பட்டியல் போடுவதுதான் அவர் வேலை. அப்படிப் பார்க்கையில் ஒரு அச்சுப் புத்தகம் கையில் பட்டது. தொடக்ககாலத் திருச்சபை ஆயர் அந்தியோக்கியா இக்னேஷியஸின் கடிதங்களை ஐசக் வோசியஸ் பதிப்பித்து 1646இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த புத்தகம் அது. அதன் கடைசி வெற்றுத் தாள்களில் யாரோ பொடிக் கையெழுத்தில், கிரேக்கத்தில், இரண்டரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் தியோடோர் என்பவருக்கு எழுதிய கடிதம் என்று மேலே குறிப்பு. கிளெமென்ட் கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவ ஆசிரியர்.

கடிதம் சொல்வது இது. மாற்கு ரோமில் ஒரு நற்செய்தி எழுதினார். பேதுரு இறந்தபின் அலெக்சாந்திரியா வந்து, ஞானத்தில் முதிர்ந்தவர்களுக்காக அதை விரித்து இன்னொன்று எழுதினார். அதைத் திருச்சபை பூட்டி வைத்திருக்கிறது. கார்ப்போகிராத்தியர் என்ற பிரிவினர் அதில் ஒரு படியைக் கைப்பற்றித் தங்கள் சரக்கைக் கலந்துவிட்டார்கள். எது கலப்படம் என்று காட்டுவதற்காக கிளெமென்ட் இரண்டு பகுதிகளை மேற்கோள் காட்டுகிறார். அப்புறம், உண்மையான விளக்கம் என்னவென்றால் என்று தொடங்கும் இடத்தில் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது.

ஸ்மித் இதை 1960 டிசம்பரில் நியூயார்க்கில் விவிலிய அறிஞர்கள் கூட்டத்தில் அறிவித்தார். முழு ஆய்வு நூல் 1973இல் வந்தது. கடிதம் அசலா, போலியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நாகர்கோவில் வாசகர்: அது எந்தக் காலத்துப் படி?

எதன் காலம்? இதை நான் எல்லாரிடமும் கேட்பேன், சலித்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தின் காலம் 1646. கையெழுத்தின் பாணி 18ஆம் நூற்றாண்டு என்பது ஸ்மித் படங்களைக் காட்டிய கிரேக்க எழுத்தியலாளர்களில் பெரும்பாலோர் சொன்னது. கடிதம் கிளெமென்ட் எழுதியது என்றால் 200 வாக்கில். கடிதத்துக்குள் இருக்கும் நற்செய்தி மாற்குவினுடையது என்றால் முதல் நூற்றாண்டு. நான்கும் நான்கு தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றின் மேல் ஏற்றாதீர்கள். இந்த விவாதத்தில் பாதிச் சண்டை அப்படி ஏற்றுவதால் வருவதுதான்.

சேலம் வாசகர்: கார்பன் சோதனை செய்தால் முடிந்துபோயிற்றே?

தாளைச் சோதித்தால் 17ஆம் நூற்றாண்டு என்று வரும். அது அச்சிட்ட ஆண்டிலேயே தெரிகிறதே! சோதிக்க வேண்டியது மை. 1976இல் கை ஸ்ட்ரூம்சா, டேவிட் ஃப்ளூசர், ஷ்லோமோ பைன்ஸ் என்ற அறிஞர்கள் மூவரும் மெலிட்டோன் என்ற துறவியோடு மார் சபா போனார்கள். புத்தகம் அங்கேயே இருந்தது. எருசலேம் கிரேக்கத் திருச்சபைத் தலைமையக நூலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மையைச் சோதிக்கும் வசதி அப்போது இஸ்ரேலியப் போலீசிடம் மட்டுமே இருந்தது. போலீஸ் கையில் கொடுக்கத் திருச்சபை சம்மதிக்கவில்லை. அடுத்த ஆண்டு நூலகர் அந்தத் தாள்களைப் புத்தகத்திலிருந்து பிரித்து வண்ணப் படம் எடுத்தார். குவென்டின் குவெஸ்னெல் என்ற அறிஞர் 1983இல் அவற்றை நேரில் பார்த்தார். அதற்கப்புறம் தாள்களைக் காணவில்லை. நம்மிடம் இருப்பது படங்கள் மட்டுமே. படத்தில் இருக்கும் மையை யாரும் சோதிக்க முடியாது.

சென்னை வாசகர்: அதில் இயேசுவைப் பற்றி ஆபாசமாக இருக்கிறதாமே?

படித்துவிட்டுச் சொல்லுங்கள். மாற்கு 10:34க்கும் 35க்கும் நடுவே வருவதாகச் சொல்லப்படும் பகுதி இது. பெத்தானியாவில் தம்பியை இழந்த ஒரு பெண் இயேசுவின் காலில் விழுகிறாள். சீடர்கள் அதட்டுகிறார்கள். இயேசு கோபம் கொண்டு கல்லறைக்குப் போய்க் கல்லைப் புரட்டி, இளைஞனின் கையைப் பிடித்து எழுப்புகிறார். அவன் அவர்மேல் அன்பு கொண்டு, கூடவே இருக்கும்படி கெஞ்சுகிறான். ஆறு நாள் கழித்து மாலையில், வெற்று உடம்பின்மேல் ஒரு மெல்லிய துணி போர்த்தியவனாய் வருகிறான். அன்றிரவு இறையரசின் மறைபொருளை இயேசு அவனுக்குக் கற்பிக்கிறார். அவ்வளவுதான். தியோடோர் கேட்டிருந்த 'ஆடையற்றவனோடு ஆடையற்றவன்' என்ற சொற்கள் அதில் இல்லை என்று கடிதமே மறுக்கிறது.

யோவான் 11இல் இயேசு உயிரோடு எழுப்பும் லாசருவும், மாற்கு 14:51இல் துணியை விட்டுவிட்டு ஓடும் இளைஞனும் உங்களுக்கு நினைவுக்கு வரவேண்டும். ஸ்மித் இதை இரவில் நடந்த திருமுழுக்குச் சடங்கு என்று படித்தார். அது அவருடைய வாசிப்பு. ஸ்மித்தின் வாசிப்பு பிடிக்கவில்லை என்பதற்காகக் கடிதத்தைப் போலி என்பவர்களும், அது பிடித்திருப்பதற்காக அசல் என்பவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது பகுதி ஒன்றிரண்டு வரிதான், ஆனால் எனக்கு அதுதான் சுவையானது. மாற்கு 10:46ஐ எடுத்துப் பாருங்கள். எரிகோவுக்கு வந்தார்கள், உடனே எரிகோவை விட்டுப் புறப்பட்டார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளியில் இந்தக் கடிதம் அந்த இளைஞனின் சகோதரியையும் தாயையும் சலோமேயையும் வைத்து, இயேசு அவர்களை ஏற்கவில்லை என்கிறது. பழைய ஓட்டை ஒன்று இதனால் அடைபடுகிறதா, அல்லது ஓட்டையைத் தெரிந்த ஒருவர் பார்த்து அடைத்தாரா என்று இரண்டு விதமாகவும் கேட்கலாம்.

மதுரை வழக்கறிஞர் ஒருவர்: ஐயா, சுற்றி வளைப்பானேன்? கடிதத்தைப் போலியாக எழுதியதே ஸ்மித்தான். நோக்கம், திறமை, வாய்ப்பு மூன்றும் ஸ்மித்துக்கு இருந்தன. மார் சபாவில் போலிக் கிரேக்க ஆவணம் கிடைப்பதாக 1940இலேயே ஒரு ஆங்கில நாவல் வந்திருக்கிறது. வேறென்ன வேண்டும்?

2005இல் இந்தக் குற்றச்சாட்டைப் புத்தகமாக எழுதிய ஸ்டீபன் கார்ல்சனும் அப்போது வழக்கறிஞர்தான். உங்கள் தொழிலுக்கும் இந்தக் கடிதத்துக்கும் ஏதோ ஈர்ப்பு!

நாவல் உண்மை. ஆனால் ஸ்மித் உலகப்போர்க் காலத்தில் எருசலேமில் மாட்டிக்கொண்டபோதே மார் சபாவுக்குப் போனவர். அந்த மடத்தைத் தெரிந்துகொள்ள அவருக்கு நாவல் தேவைப்படவில்லை. பழைய மடங்களில் உண்மையாகவே ஏடுகள் கிடைப்பதால்தான் அப்படிப்பட்ட நாவல்களும் எழுதப்படுகின்றன. நோக்கம், திறமை, வாய்ப்பு மூன்றும் ஒருவரைச் சந்தேகிக்கக் காரணம் தரும். அவர் செய்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெங்களூரு வாசகர்: இயேசுவின் மனைவி பற்றிய பாப்பிரஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 2012இல் ஹார்வர்டின் கேரன் கிங் ரோமில் அறிவித்த, காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழியில் எழுதிய துண்டு. அதன் கார்பன் சோதனையில் பாப்பிரஸ் 7, 8ஆம் நூற்றாண்டு என்று வந்தது, நம்பியவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பழைய முத்திரைத்தாளில் புதுப் பத்திரம் எழுதினால் தாளைச் சோதித்து என்ன பயன்? அதே தொகுப்பிலிருந்த யோவான் நற்செய்தித் துண்டு, 1924இல் அச்சான ஒரு பதிப்பைப் பார்த்து, வரி முடியும் இடங்கள்கூட ஒத்துப்போகும்படி எழுதப்பட்டது என்று கிறிஸ்டியன் ஆஸ்கிலண்ட் காட்டினார். 2016இல் ஏரியல் சபார் என்ற பத்திரிகையாளர் அது யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் போனதும் கேரன் கிங்கே போலி என்ற பக்கம் சாய்ந்தார். அங்கே துண்டு கையில் இருந்தது, அதனால் முடிவு கிடைத்தது. இங்கே தாளே இல்லை.

திருப்பூர் வாசகர்: இயேசு காஷ்மீர் வந்தது பற்றி?

1894இல் நொட்டோவிச் என்ற ரஷ்யர் லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஏடு பார்த்ததாக எழுதினார். அடுத்த ஆண்டு டக்ளஸ் என்பவர் நேரில் போய்க் கேட்டார், அப்படி எதுவும் இல்லை என்று மடத்தலைவர் சொல்லிவிட்டார். இன்றைய பொருள் இது இல்லை.

புதுச்சேரி வாசகர்: வத்திக்கான்தானே தாள்களை மறைத்தது?

மார் சபா கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடம். வத்திக்கானுக்கும் அதற்கும் நிர்வாகத் தொடர்பே இல்லை.

மதுரை வழக்கறிஞர்: சாட்சி கேட்டீர்கள். கையெழுத்தில் நடுக்கம் தெரிகிறதே? பார்த்து எழுதுபவன் கை நடுங்கும். அப்புறம் உப்பு விவகாரம்.

நடுக்கத்தைக் கார்ல்சன் பார்த்தது அச்சடித்த புத்தகத்திலுள்ள கறுப்பு வெள்ளைப் படங்களில். அச்சுப்படம் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் எந்தக் கோடும் நடுங்கும். நல்ல படங்களோடு ஒப்பிட்டபோது அந்த நடுக்கங்கள் மறைந்தன என்று ரோஜர் விக்லண்ட் என்ற ஆய்வாளர் காட்டினார். உப்பு விவகாரம் இன்னும் பலவீனம். உப்போடு வேறு பொருளைக் கலப்பதென்றால் தூள் உப்பு வேண்டும், அது 20ஆம் நூற்றாண்டில் மார்ட்டன் என்ற நிறுவனம் கொண்டுவந்தது, ஆகவே மார்ட்டன் ஸ்மித் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது வாதம். கடிதத்தில் இருப்பது உப்பு சாரமற்றுப் போகும் என்பதுதான். மத்தேயு 5:13 படித்த எவரும் எழுதக்கூடிய வரி.

உங்கள் பக்கத்துக்கு நல்ல சாட்சி வேறு இருக்கிறது, நானே தருகிறேன். கிரேக்க எழுத்தியலாளர் அகமெம்னோன் செலிகாஸ் 2011இல் படங்களை ஆராய்ந்து, எழுத்து வடிவங்கள் கிரேக்கக் கைக்கு அந்நியமாக இருக்கின்றன, இது போலி என்றார். எதிர்ப்பக்கத்தில், அதே காலத்தில் வெனெஷியா அனஸ்தாசோபூலூ என்ற கையெழுத்து நிபுணர், எழுத்து சரளமாக ஓடுகிறது, ஸ்மித்தின் கிரேக்கக் கையெழுத்தோடு பொருந்தவில்லை என்றார். இருவரும் கிரேக்கர்கள், இருவரும் பார்த்தது படங்களை.

தஞ்சை வாசகர்: சார், கார்பன் சோதனை ஏன் செய்யவில்லை?

சேலம் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாளையங்கோட்டை இறையியல் மாணவர்: வழக்கறிஞர் அண்ணன் ஸ்மித்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் கருத்தே கிளெமென்ட்டோடு ஒட்டவில்லையே?

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறோம், தம்பி. ரகசிய நற்செய்தி மாற்குவினுடையது என்பதை சத்தியம் செய்தாவது மறுத்துவிடு என்கிறது கடிதம். கிளெமென்ட்டின் மற்ற நூல்களில் ஞானி என்பவன் சத்தியம் செய்யத் தேவையில்லாதபடி வாழ்பவன். அடுத்து, மாற்கு அலெக்சாந்திரியா வந்ததைக் கிளெமென்ட் வேறெங்கும் சொல்லவில்லை. நமக்கு அதைத் தெளிவாகச் சொல்பவர் 4ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ். மூன்றாவது, 1995இல் கிரிடில் என்ற ஆய்வாளர் செய்த சொற்கணக்கு. கிளெமென்ட் ஒரே ஒருமுறை ஆண்ட அரிய சொற்கள் இதில் தேவைக்கு மேல் இருக்கின்றன, அவர் எங்குமே ஆளாத புதுச் சொற்கள் குறைவு. ஒருவரைப் போல எழுத முயல்பவர் அவரையே மிஞ்சிவிடுவது உண்டு. கடிதம் சின்னது, கணக்குக்குப் போதாது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிளெமென்ட்மேல் நம்பிக்கை குறைகிறது.

மதுரை வழக்கறிஞர்: பாருங்கள், போலி என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்! பெயரைச் சொல்லுங்கள், ஸ்மித் இல்லையென்றால் யார்?

கிளெமென்ட் இல்லை என்றால் ஸ்மித் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இடையில் 1,700 ஆண்டுகள் கிடக்கின்றன. கடிதத்தின் காலத்தையும் கையெழுத்தின் காலத்தையும் கலக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஸ்மித் எழுதவில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம், அவர் படம் மட்டும் எடுத்துக்கொண்டு புத்தகத்தை மடத்திலேயே விட்டுவிட்டு வந்தார். யார் வேண்டுமானாலும் போய் மையைச் சுரண்டிப் பார்த்திருக்கலாம். 18 ஆண்டு கழித்துப் போனவர்களுக்கு அது அங்கேயே கிடைத்தது. மேலும் அவர் யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெமோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை ஸ்ட்ரூம்சா 2008இல் வெளியிட்டார். கண்டெடுத்த பிறகுதான் ஸ்மித்தின் விளக்கம் சிறிது சிறிதாக உருவாகிறது என்பது அதில் தெரிகிறது.

பிறகு யார்? ஜெஃப்ரி ஸ்மித் (இவர் வேறு ஸ்மித்), ப்ரென்ட் லாண்டாவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2023இல் ஒரு வழி சொன்னார்கள். யூசேபியஸுக்குப் பிந்தைய ஒரு துறவி, மார் சபாவிலேயே இருந்தவராக இருக்கலாம், கிளெமென்ட் பெயரில் இதை எழுதினார் என்று. இரண்டு துறவிகள் நெருங்கி ஒன்றாக வாழலாமா என்பது அந்த மடங்களில் அன்று சூடான சர்ச்சை. இயேசுவும் அந்த இளைஞனும் ஓரிரவு சேர்ந்திருந்த கதை அந்தச் சர்ச்சையில் ஒரு பக்கத்துக்கு வசதியானது. மார் சபாவோடு மரபு இணைத்துச் சொல்லும் தமாஸ்கு யோவானின் பெயரிலுள்ள தொகுப்பிலும் கிளெமென்ட்டின் கடிதங்கள் என்ற பெயரில் மேற்கோள்கள் வருகின்றன. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கடிதக் கட்டு புழங்கியிருக்கிறது. இப்போதைக்கு நான் சாய்வது இந்தப் பக்கம்தான். தாள்கள் கிடைத்து, மையில் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு இருந்தால் வழக்கை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

ஈரோடு வாசகர்: அப்படியானால் இதை வைத்து முதல் நூற்றாண்டு பற்றி எதுவும் சொல்ல முடியாதா?

நான் சொல்லமாட்டேன். ஹெல்மட் கோஸ்டர், ஜான் டொமினிக் குரோசன் போன்ற விவிலிய அறிஞர்கள் நம் கையிலுள்ள மாற்குவே இந்த ரகசிய மாற்குவிலிருந்து வந்தது என்றுகூட எழுதினார்கள். காணாமல்போன தாளில், பாதியில் நிற்கும் கடிதத்துக்குள் உள்ள இரண்டு மேற்கோளின் மேல் அவ்வளவு பெரிய மாடி கட்டக்கூடாது.

மதுரை வழக்கறிஞர்: மேல்முறையீடு செய்வேன்.

செய்யுங்கள். வரும்போது செலிகாஸின் அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், உப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.