ட்ராக்கில் ஓட்டப் போகிறேன், முதுகுக்கு எது வாங்குவது?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். கேடிஎம் ஆர்சி 390 பைக் ஓட்டுகிறேன். அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். என் ரைடிங் ஜாக்கெட்டின் முதுகில் ஏற்கெனவே ஒரு பேட் இருக்கிறது. அது போதுமா? தனியாக வாங்குவதென்றால் லெவல் 1 போதுமா, லெவல் 2 தான் வேண்டுமா? ஜாக்கெட்டுக்குள் செருகுவது நல்லதா, தோளில் மாட்டுவது நல்லதா?

பதில்: முதலில் அந்தப் பேடை வெளியே உருவிப் பாருங்கள். ஜாக்கெட்டின் உள்பக்கம் வெல்க்ரோ போட்ட ஒரு வாய் இருக்கும், விரலை விட்டு இழுத்தால் வந்துவிடும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். விரல்கள் ஏறக்குறைய ஒட்டிக்கொள்கிற அளவுக்கு அமுங்கினால் அது வெறும் ஸ்பாஞ்ச். தோளிலும் முழங்கையிலும் ஒழுங்கான ஆர்மர் வைத்துவிட்டு, முதுகில் மட்டும் ஸ்பாஞ்சைச் செருகி விற்கிற ஜாக்கெட்டுகள் நிறைய உண்டு. முதுகுப் பேடுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நல்ல பேட் என்றால் அதன்மேலேயே அடையாளம் இருக்கும். பைக் ஓட்டுகிற ஆள் மாதிரி ஒரு சின்னப் படம், பக்கத்தில் இஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தர எண். கடைசியில் வரும் அந்த 2 தான் முக்கியம். 1621-1 என்றால் தோள், முழங்கை, முட்டிக்கான தரம். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. சோதனையில் 5 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழும் வேகத்துக்குப் பேட் மீது மோதவிட்டு, அடியில் எவ்வளவு விசை இறங்குகிறது என்று அளப்பார்கள். முதுகுப் பேடில் லெவல் 1 என்றால் சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும். லெவல் 2 என்றால் 9. முட்டிப் பேடில் லெவல் 2 வாங்கினாலும் 20 வரை அனுமதி உண்டு. ஜி.பி. ரோட்டுக் கடையில் யாராவது “சிஇ (ஐரோப்பிய முத்திரை) லெவல் 2 சார்” என்று ஒரு பேடை நீட்டினால், எந்த 1621 என்று திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

ட்ராக்குக்கு என்றால் என் ஓட்டு லெவல் 2க்குத்தான். உள்ளே இறங்கும் அடி பாதியாகக் குறைகிறது என்பதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் லெவலைவிட நான் முதலில் பார்ப்பது நீளத்தை. அதே லேபிளில் எஃப்பி, சிபி, எல்பி என்று ஒன்று இருக்கும். எல்பி இடுப்புக்கு மட்டும். சிபி முதுகின் நடுப்பகுதிக்கு. எஃப்பி தோள்பட்டை எலும்புகளையும் சேர்த்து மூடும். உங்களுக்கு எஃப்பி. சைஸை சட்டை அளவை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். வீட்டில் யாரையாவது அழைத்து, டேப் வைத்து, இடுப்பில் இருந்து தோள் வரை அளக்கச் சொல்லுங்கள். லேபிளில் சென்டிமீட்டரில் போட்டிருப்பதும் அந்த அளவைத்தான்.

கடையில் நேராக நின்று கண்ணாடி பார்த்தால் எல்லாமே பொருந்தும். ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். மாட்டிக்கொண்டு உங்கள் பைக்கிலேயே உட்காருங்கள். வயிறு டேங்கில் படுகிற அளவுக்குக் குனிந்து, தலையை நிமிர்த்தி முன்னால் பாருங்கள். பேடின் மேல்முனை ஹெல்மெட்டின் பின்புறத்தை இடித்தால் அது உங்களுக்கு நீளம். ட்ராக்கில் நேர்ச்சாலை முடிவில் தலையைத் தூக்க முடியாமல் திண்டாடுவீர்கள். அதே நிலையில் கையைப் பின்னால் விட்டு, கீழ்முனை எங்கே நிற்கிறது என்று தடவிப் பாருங்கள். வால் எலும்புக்குச் சற்று மேல் வரையாவது வரவேண்டும்.

செருகுவதா, மாட்டுவதா என்ற கேள்விக்கு என் முதுகே சாட்சி. பல வருடங்களுக்கு முன் ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கிச் சரிந்தேன். பெரிய வேகம் இல்லை. ஆனால் ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் ஜிப்பால் இணைக்காமல் விட்டிருந்தேன். சறுக்கும்போது ஜாக்கெட் மேலே ஏறிவிட்டது, உள்ளே இருந்த பேட் அதோடு சேர்ந்து விலாப்பக்கம் திரும்பிவிட்டது. நல்ல பேட்தான், இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இடுப்பில் ஒரு கருநீலத் தழும்போடு தப்பித்தேன். தோளில் மாட்டி இடுப்பில் அகலமான பெல்ட்டால் இறுக்கும் வகை உடம்போடு ஒட்டி நிற்கும். லெதர் சூட் உடம்பைப் பிடித்தாற்போல் இருந்தால் செருகும் வகையும் நகராது. உங்கள் ஜாக்கெட்டுக்கு, மாட்டும் வகை.

அடுத்தது நம் ஊர் வெயில். பலர் விரும்பும் மென்மையான ரகங்கள், டி3ஓ, சாஸ்-டெக் போன்றவை, தொட்டால் வளையும், அடிபட்டால் இறுகும். சூட்டில் இவை இன்னும் இளகும், இளகினால் தாங்கும் திறன் குறையும். அதனால் லேபிளில் டி பிளஸ் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். கத்திரி வெயிலில் லெதருக்குள் இருக்கிற முதுகுக்கு அது வேண்டும். கெட்டியான தகடுகளை அடுக்கிய ஆமை ஓடு மாதிரி ரகத்தில் சூட்டால் வரும் மாற்றம் குறைவு, ஆனால் பருமனாக இருக்கும். எதுவானாலும் காற்று போக ஓட்டை இருக்கட்டும். வேர்த்து ஊற்றி இரண்டாவது செஷனுக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பேட் தடுப்பது நேரடி அடியை. ட்ராக் ஓரத்துக் கர்பின் விளிம்பு, பின்னால் வரும் வண்டி, நம் வண்டியே மேலே விழுவது மாதிரி. உடம்பு மடங்கி முறுக்கிக்கொள்வதால் தண்டுவடத்துக்கு வரும் காயத்தை அது பெரிதாகத் தடுக்காது. காற்றுப்பை வைத்த வெஸ்ட் இன்னும் பரந்த பாதுகாப்பு தரும். மோட்டோஜிபி என்கிற உலக பைக் பந்தயத்தில் 2018 முதல் அது கட்டாயம். விலைதான் கையைக் கடிக்கும், முதல் பயிற்சிக்கு அவசரமில்லை.

பயிற்சி நடத்துபவர்களிடம் ஜாக்கெட்டை அனுமதிப்பார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் லெதர் சூட் கேட்பார்கள். வாடகைக்கு எடுத்தாலும் சரி, வாங்கினாலும் சரி, பேடை மாட்டிக்கொண்டு அதன்மேல் போட்டுப் பார்த்துத்தான் சைஸ் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், பலமாக ஒருமுறை விழுந்தால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் பேடை மாற்றுங்கள். காரின் டிக்கியில் போட்டு வெயிலில் வேகவிடாதீர்கள்.

பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட வேண்டாம். செயினைத் துடைத்து லூப் ஸ்ப்ரே (வழவழப்பு எண்ணெய்) அடிக்கும்போது முட்டிக்குக் கீழே போட்டுக்கொள்ள ரொம்ப சுகமாக இருக்கும்.