பெட்ரோல் விலை ஏறினால் பனிச்சறுக்குக்குப் போவதைக் குறைத்துக்கொள்வார்களா?

"அமெரிக்காவில் பெட்ரோல் விலை இப்படியே ஏறிக்கொண்டிருந்தால் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் போவதைக் குறைத்துக்கொள்வார்களா, அல்லது வேறு செலவைக் குறைத்துக்கொள்வார்களா?" என்பது உங்கள் கேள்வி. எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "அது பணக்காரர் விளையாட்டு, பத்து டாலர் கூடினால் அவர்களுக்கு உறைக்கவா போகிறது?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி கண்ணில் படாமல் இருந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பழைய காரை ஓட்டிக்கொண்டு, பன்னிரண்டு குளிர்காலங்களாக மலைக்குப் போய்வருகிறவன் நான். பத்து டாலர் எனக்கு நன்றாகவே உறைக்கும். அது எந்த இடத்தில் உறைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் கொலராடோவுக்கோ யூட்டாவுக்கோ புதிதாக வந்து, சீசன் பாஸ் (ஒரே தடவை பணம் கட்டி, குளிர்காலம் முழுவதும் சறுக்க வாங்கும் அனுமதிச் சீட்டு) வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை விமானம் ஏறிப் போகிறவராக இருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. நான் பொருளாதாரம் படித்தவனும் அல்லன். 2016 முதல் காரில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் எத்தனை மைல், எத்தனை கேலன் (ஒரு கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்), எவ்வளவு பணம் என்று எழுதிவருகிறேன். மனைவி அதைக் கஞ்சக் கணக்கு என்பாள். என்னிடம் இருக்கும் சான்று அவ்வளவுதான், ஆகவே "ஒரு மனிதனின் கணக்கை வைத்து நாட்டையே அளக்கிறாயா?" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

அந்த நோட்டு சொல்வது இதுதான். பெட்ரோல் விலை ஏறிய வருடங்களில் நான் மலைக்குப் போன நாட்கள் குறையவில்லை. யாரோடு போனேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன், அங்கே எதை வாங்காமல் திரும்பினேன் என்பவை மாறியிருக்கின்றன. பாஸ் வாங்கும் முறைதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். சீசன் பாஸ்கள் மார்ச் வாக்கில் விற்பனைக்கு வந்துவிடும், வேனிற்காலம் முழுவதும் விற்கும், தாமதிக்கத் தாமதிக்க விலை ஏறும். டிசம்பரில் பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது அந்தப் பணம் கையைவிட்டுப் போய் மாதங்கள் ஆகியிருக்கும். போகாமல் வீட்டில் இருந்தால் பெட்ரோல் மிச்சமாகும், பாஸ் பணம் தண்டமாகும். பாஸ் இல்லாதவர் பெரிய தளங்களில் ஒருநாள் சீட்டுக்கு 200 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், பெட்ரோல் விலையைப் பார்த்துப் பின்வாங்குகிறவர் பெரும்பாலும் அவரே. பாஸ் வைத்திருப்பவர் போய்த்தான் தீருவார், போன இடத்தில் கையைச் சுருக்கிக்கொள்வார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலிருந்து பிரெக்கன்ரிட்ஜ் என்ற பனிச்சறுக்குத் தளத்துக்குப் போய்வர ஏறத்தாழ 170 மைல். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, வழியில் ஐ-70 நெடுஞ்சாலையில் உள்ள ஐசனோவர் சுரங்கமோ 11,000 அடிக்கு மேல். ஜார்ஜ்டவுனைத் தாண்டியதும் கார் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறும். கோடையில் கேலனுக்கு 27 மைல் கொடுக்கும் என் வண்டி, குளிர்காலத்தில், மூன்று பேரையும் கூரைப் பெட்டியையும் சுமந்துகொண்டு, போகவர 19 மைல்தான் கொடுக்கிறது. இதில் என் வண்டியின் குறை கொஞ்சம்தான். வெப்பம் உறைநிலைக்குக் கீழே போய் பாரன்ஹீட்டில் 20 டிகிரி ஆகும்போது, நகர ஓட்டத்தில் சாதாரண பெட்ரோல் கார்களின் மைலேஜ் 15 சதவீதம் அளவுக்குக் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. கூரைமேல் பெரிய பெட்டி வைத்து மணிக்கு 65 முதல் 75 மைல் வேகத்தில் ஓட்டினால் 10 முதல் 25 சதவீதம் வரை போகும் என்றும், அதே சுமையைப் பின்பக்கத் தாங்கியில் வைத்தால் நெடுஞ்சாலையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்றும் அதே துறை கணக்குக் கொடுத்திருக்கிறது.

ஆக, ஒரு பயணத்துக்கு 9 கேலன். 2021 தொடக்கத்தில் கேலன் இரண்டரை டாலர் அளவில் கிடைத்தபோது 22 அல்லது 23 டாலரில் முடிந்தது. 4 டாலர் ஆனபோது 36 டாலர் ஆயிற்று. ஒரு குளிர்காலத்துக்கு 22 நாள் போகிறேன் என்றால் கூடுதல் செலவு 300 டாலர். பணக்காரர் விளையாட்டு என்றவருக்கு இது சில்லறையாகத் தெரியலாம். எனக்கு அது வண்டிக்கு இரண்டு புதிய டயர்களின் விலை. கொலராடோவில் செப்டம்பர் முதல் மே வரை ஐ-70இன் மலைப்பகுதியில் டயர்ப் பள்ளத்தின் ஆழம் அங்குலத்தில் 16இல் 3 பங்காவது இருக்க வேண்டும் என்று சட்டமே இருப்பதால், அந்த இரண்டு டயர்களைத் தள்ளிப்போடவும் முடியாது.

இனி, 2022 மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை. ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெட்ரோலின் தேசியச் சராசரி விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டி, 2008 கோடையின் பழைய உச்சமான 4.11 டாலரையும் முந்திவிட்டிருந்தது. பள்ளி விடுமுறை தொடங்கும் மாதம், பனியும் நன்றாக விழுந்திருந்தது. "எல்லோரும் விலைக்குப் பயந்து வீட்டில் இருப்பார்கள், சாலை காலியாக இருக்கும்" என்று என் அலுவலக நண்பர் அடித்துச் சொன்னார். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வழியில் உள்ள ஐடகோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வருவதற்குள்ளேயே முன்னால் சிவப்பு விளக்குகள் மலைவளைவு நெடுக வரிசை கட்டி நின்றன. ஒரு மணி நேரத்தில் ஆறு மைல் நகர்ந்தோம். இன்ஜினை அணைத்தால் கண்ணாடியில் உள்பக்கம் பனி படிகிறது, ஓடவிட்டால் பெட்ரோல் முள் இறங்குகிறது. முந்தின நாள் பக்கத்துப் பங்க்கில் வரிசையைப் பார்த்துவிட்டு, பாதி டாங்க் போதும் என்று வந்தவன் நான். சில்வர் ப்ளூம் ஏற்றத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எரியாததுபோல் நான் நேரே பார்த்து ஓட்டினேன். பின்சீட்டில் இருந்தவர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "அது எப்பவும் எரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

சுரங்கத்தைக் கடந்து இறக்கத்தில் உருட்டிக்கொண்டே போய், முதலில் கண்ணில் பட்ட பங்க்கில் நுழைந்தேன். மலையூர்ப் பங்க்குகளில் டென்வரைவிட விலை எப்போதும் கூடுதலாகவே இருக்கும். எண்ணெய்யையும் அந்த ஏற்றத்தில்தானே லாரி கொண்டுவர வேண்டும்? அங்கே எனக்கு முன்னால் ஏழெட்டுக் கார்கள், எல்லாவற்றின் கூரையிலும் சறுக்குப் பலகைகள். வீட்டில் இருப்பார்கள் என்று நண்பர் சொன்ன அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தார்கள்.

அன்று மதியம்தான் எனக்குக் கண் திறந்தது என்று சொல்வேன். மலையடிவாரத்து உணவுக்கூடத்தில் வழக்கமாக இடம் பிடிக்க அடித்துக்கொள்வார்கள். அன்றும் மேசைகள் நிரம்பியிருந்தன, ஆனால் மேசைகளில் இருந்தவை பெரும்பாலும் வீட்டுப் பொட்டலங்கள். நாங்களும் அலுமினியத் தாளில் சுற்றிய ரொட்டியைத்தான் பிரித்தோம். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அங்கே 25 டாலருக்குக் குறையாமல் ஆகும், மூன்று பேர் கொண்டுவந்து சாப்பிட்டால் 75 டாலர் மிச்சம். பெட்ரோலுக்குக் கூடுதலாகப் போனது 14 டாலர்கூட இல்லை. பெட்ரோல் 14 டாலர் ஏறியது என்ற கோபத்தில் 75 டாலரை வேறிடத்தில் வெட்டியிருக்கிறோம். இது சரியான கணக்கு இல்லைதான், ஆனால் மனிதர்கள் இப்படித்தான் வெட்டுகிறார்கள் என்று நான் நம்புகிறேன். பெட்ரோல் விலை ஒவ்வொரு முக்கிலும் ஆளுயர எண்களில் எழுதி நிற்கிறது. சாப்பாட்டு விலையை அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தக் குளிர்காலத்தில் நான் விட்டுவிட்டவற்றைப் பின்னர் நோட்டில் பார்த்தேன்: இரண்டு இரவுத் தங்கல், மகளுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு, எனக்குப் புதுக் கையுறை. ஒரு பயணத்தைக்கூட விடவில்லை. பெட்ரோல் விலையின் அடி பனிச்சறுக்குத் தளத்தின் வாயிற்கதவில் விழுவதில்லை, அந்த ஊரில் கடை வைத்திருப்பவன்மேல் விழுகிறது.

சேர்ந்து போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளூரப் புண் இருக்கும் இடம் அது. விலை ஏறியதும் எல்லோருக்கும் கூட்டாகப் போகும் யோசனை வந்துவிடும், நல்லதுதான். 36 டாலரை நான்காகப் பிரித்தால் தலைக்கு 9. ஆனால் எப்போதும் ஒரே ஆளின் வண்டிதான் போகும், அந்த ஆள் பெரும்பாலும் நானாகவே இருப்பேன். "பெட்ரோலை நான்காகப் பிரிக்கலாம்" என்கிறவர்கள் ஓட்டுகிறவனையும் நான்கில் ஒருவனாகச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். டயர் தேய்மானம், உப்புத் தூவிய சாலையில் அடிப்பாகம் துருப்பிடிப்பது, இருட்டில் பனிக்கட்டிமேல் மூன்று மணி நேரம் கண்ணை இமைக்காமல் ஓட்டுவது, இவற்றுக்கெல்லாம் பங்கு கிடையாது. ஒருமுறை மூன்றாகப் பிரிக்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரம் ஒருவர் வேறு காரில் இடம் பார்த்துக்கொண்டார். அற்பத்தனம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள், இருக்கட்டும்.

என் ஒருவனுடைய கணக்கு போதாது என்பவர்களுக்கு நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2008 ஜூலையில் பெட்ரோல் உச்சத்தில் இருந்தது, அந்த டிசம்பருக்குள் கேலன் 2 டாலருக்குக் கீழே சரிந்துவிட்டது. அதாவது குளிர்காலம் தொடங்கும்போது பெட்ரோல் மலிவு. ஆனாலும் 2007-08இல் 6.05 கோடியாக இருந்த பனிச்சறுக்கு வருகைகள் 2008-09இல் 5.74 கோடியாகக் குறைந்தன. வங்கிகள் சரிந்து வேலைகள் போய்க்கொண்டிருந்த வருடம் அது. இதற்கு மாறாக, மார்ச்சில் பெட்ரோல் 4 டாலரைத் தாண்டிய 2021-22இல் வருகைகள் 6 கோடியைத் தாண்டி, அதுவரை இல்லாத அளவை எட்டின. 2022-23இல் 6.5 கோடியும் ஆயின. பனி நன்றாக விழுந்ததும், பெருந்தொற்றுக்குப் பின் மக்கள் வெளியே வரத் துடித்ததும், 2021இல் பெரிய பாஸ் ஒன்றின் விலை 20 சதவீதம் குறைக்கப்பட்டதும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் தடுத்து நிறுத்துகிற அளவுக்குப் பெட்ரோல் விலை நிறுத்துவதில்லை என்பது மட்டுமே என் வாதம். தவிர, இந்த எண்கள் வந்தவர்களை எண்ணுகின்றனவே ஒழிய, வந்தவர் ரொட்டியைக் கையோடு கொண்டுவந்தாரா என்பதை எண்ணுவதில்லை.

பெட்ரோல் உண்மையிலேயே ஆட்களை நிறுத்திய காலம் ஒன்று இருந்திருந்தால் அது 1973-74ஆகத்தான் இருக்க முடியும். ஐசனோவர் சுரங்கத்தின் முதல் குகை 1973 மார்ச்சில் திறந்தது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தின. நவம்பரில் அதிபர் நிக்சன், சனி இரவு 9 மணி முதல் ஞாயிறு நள்ளிரவு வரை பெட்ரோல் விற்க வேண்டாம் என்று பங்க்குகளைக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை மலையேறி ஞாயிறு மாலை திரும்புகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான பொறி வேறு வைக்க முடியாது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கவலை போய், கிடைக்குமா என்ற கவலை வந்தபோதுதான் மனிதன் வீட்டில் உட்காருகிறான்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு அடி வேறு விதம். 2008இல் அமெரிக்க விமான நிறுவனங்கள் எரிபொருள் விலையைக் காரணம் காட்டிப் பயணிகளின் பெட்டிகளுக்குத் தனிக் கட்டணம் போட்டன. எரிபொருள் இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. அதன்பின் பலகையைச் சுமந்து வருவதைவிடப் போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதே மேல் என்று கணக்குப் போடும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். காரே வேண்டாம் என்றால் டென்வரிலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது, வின்டர் பார்க் என்ற பனிச்சறுக்குத் தளத்துக்கு ரயிலும் இருக்கிறது. 1940 முதல் ஓடிய அந்தப் பழைய பனிச்சறுக்கு ரயிலை, பெட்ரோல் உச்சத்தைத் தொட்ட மறு வருடமே, 2009இல் நிறுத்தினார்கள் என்பது வேடிக்கை. 2017இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் இரண்டு முறை போனேன். மோஃபாட் சுரங்கத்தின் இருட்டில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம், இறங்கினால் சரிவு கண்முன்னே இருக்கும். ஆனால் மூன்று பேருக்குப் போகவரச் சீட்டு எடுத்தபோது, 4 டாலர் பெட்ரோலோடு காரில் போவதே எனக்கு மலிவாக வந்தது.

ஆகவே பாஸ் வாங்கலாமா என்றால், பத்து நாளாவது போவீர்கள் என்றால் வாங்குங்கள். பெட்ரோலைக் காரணமாக வைத்து வாங்காமல் இருக்க வேண்டாம். வண்டியில் எப்போதும் அரை டாங்க்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கூரைப் பெட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். நான் கழற்றியபின் என் வண்டி 19இலிருந்து 22க்கு வந்தது, பயணத்துக்கு ஐந்து டாலர் மிச்சம். பலகைகள் இப்போது சீட்டுகளின் நடுவே, பின்னால் இருப்பவரின் காதோரம் நீட்டிக்கொண்டு வருகின்றன. அதனால் நான்காவது ஆளுக்கு இடமில்லை. பெட்ரோலை மூன்றாகப் பிரிக்கிறோம், நானும் அதில் ஒருவன்.