கால் தேறி வரும்போது மேட்டில் 21 கிலோமீட்டர் ஓடலாமா?

தம்பி, கெண்டைக்கால் இழுத்து ஆறு வாரம் ஓய்வு, இப்போது வலி இல்லாமல் 14 கிலோமீட்டர் வரை ஓடுகிறேன், மூன்று வாரத்தில் மேடுபள்ளமான அரை மாரத்தான் என்று எழுதியிருந்தீர்கள். ஓடலாம், ஆனால் பழைய நேரத்தை மறந்துவிட்டு.

நானும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் மேட்டில்தான் ஓடுகிறேன் (நாய்கள் தனிக் கதை). மேட்டில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் நடந்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கெண்டைக்காலுக்குப் பாரம் ஏற்றத்தில்தான், முன்னங்காலில் எம்பி எம்பி ஏறினால் பழைய இடத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். இறக்கம் சுகமாக இருக்கும், ஆனால் அங்கே தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, மறுநாள் படி இறங்க முடியாமல் செய்வது அதுதான். அதனால் குட்டி அடியாக வையுங்கள்.

நீண்ட ஓட்டம் அடுத்த வாரம் 16 கிலோமீட்டர், அதற்கடுத்து 17, கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அப்புறம், நம்ம ஊர் வெயில் தெரியும்தானே, விடியுமுன் பழகுங்கள். ஓட்டத்தன்று கால் சுருக்கென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வண்டி ஏறி வாருங்கள்.