சொகுசு எஸ்யூவியும் ரீகாலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2011 மாடல் மெர்சிடிஸ் எம்எல் 350 டீசல் ஒன்று புரோக்கர் மூலம் வந்திருக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையாம். விலையைக் கேட்டால் புதிய சின்ன கார் வாங்குகிற காசுதான். "அந்த மாடலுக்கு பிரேக் ரீகால் இருக்கு, தொடாதீங்க" என்று மச்சான் தடுக்கிறார். வாங்கலாமா?
— கோவை வாசகர்

பதில்: மச்சான் சொல்கிற ரீகால் (கோளாறுள்ள வண்டிகளைக் கம்பெனியே கூப்பிட்டு இலவசமாகச் சரிசெய்வது) உண்மைதான். சின்ன விஷயமும் இல்லை. 2022 ஜூனில் மெர்சிடிஸ் உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜெர்மன் மோட்டார் வாகன ஆணையத்தின் கணக்குப்படி 9,93,407. 2004 முதல் 2015 வரை தயாரான எம்எல், ஜிஎல் எஸ்யூவிகளும் ஆர் கிளாஸ் வண்டிகளும் அதில் வருகின்றன.

கோளாறு என்னவென்று தெரிந்துகொண்டால் நீங்களே பாதி முடிவு எடுத்துவிடலாம். பானெட்டைத் திறந்தால், பிரேக் பெடல் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு பெரிய வட்ட டப்பா தெரியும். அதுதான் பிரேக் பூஸ்டர். நீங்கள் காலால் கொடுக்கும் அழுத்தத்தைப் பல மடங்காக்கி பிரேக்குக்கு அனுப்புவது அதன் வேலை. அந்த டப்பாவைச் சுற்றி ஒரு ரப்பர் உறை போட்டிருந்தார்கள். அந்த உறைக்கு அடியில் ஈரம் தங்கி, ஆண்டுக்கணக்கில் இரும்பை அரித்தது. உறை மூடியிருப்பதால் துரு வெளியே தெரியாது. ஓட்டை விழுந்துவிட்டால் பிரேக் மிதிக்கும்போது காற்று கசியும் சத்தம் வரலாம், பெடல் கனக்கலாம். மிக மோசமாக அரித்த வண்டியில் அவசரமாக அழுத்தி மிதித்தால் பெடலுக்கும் பிரேக்குக்கும் உள்ள தொடர்பே அறுந்துபோகக்கூடும் என்று கம்பெனியே சொன்னது. அமெரிக்காவில் மட்டும் 2.92 லட்சம் வண்டிகள். சோதனை முடியும்வரை ஓட்டாதீர்கள் என்று அங்கே உரிமையாளர்களுக்குச் சொல்லி, வண்டியை இலவசமாக இழுத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. அந்த அமெரிக்க ரீகாலில் எல்லா வண்டிக்கும் பூஸ்டரை மாற்றிவிடவில்லை. உறையைக் கழற்றிப் பார்த்தார்கள். துரு முற்றியிருந்தால்தான் மாற்று வேலை. முற்றாத வண்டியை இரண்டு ஆண்டுவரை ஓட்டலாம், பிறகு மறுபடியும் வர வேண்டும் என்று அனுப்பினார்கள். ஆகவே புரோக்கர் "ரீகால் எல்லாம் முடிஞ்சிருச்சு சார்" என்றால், முடிந்தது பரிசோதனையா, பூஸ்டர் மாற்றமா என்று கேளுங்கள். பரிசோதனை மட்டும் என்றால் அந்த இரண்டு ஆண்டுக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

இன்னொன்று ஏர்பேக். தகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக் ரீகால் உலகம் முழுவதும் சுமார் 10 கோடி ஏர்பேக்குகளைத் தொட்டது. ஏர்பேக்கை ஊதச் செய்யும் வேதிப்பொருள் வெயிலிலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்டது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா போன்ற வெப்பமும் புழுக்கமும் உள்ள இடங்களில் ஆபத்து அதிகம் என்று அந்த வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அங்கே விற்ற 2009 முதல் 2011 வரையான எம்எல் வண்டிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் ஊர் வெயிலையும் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தையும் நினைத்தால் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

ஆர்.சி.யில் 17 இலக்க சேஸிஸ் எண் இருக்கும். அதைக் கொடுத்து, இந்த வண்டிக்கு என்னென்ன ரீகால் இருந்தது, எது முடிந்தது, எது பாக்கி என்று கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், பதில் எழுத்தில் வரட்டும். பாக்கி இருந்தால் விற்கிறவர் பெயரில் இருக்கும்போதே முடித்துத் தரச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் புரோக்கர் முகம் சுளித்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் எத்தனையோ சுத்தம் செய்யப்பட்டு வேறு ஊர்களுக்குப் போயிருக்கின்றன. முதல் பதிவு டெல்லி என்றாலும் திடுக்கிட வேண்டாம். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே தடை வந்ததால் பல நல்ல வண்டிகள் தெற்கே வந்தன. ஆனால் வேறு மாநிலத்துக்கு மாற்றத் தரும் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.), வரி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 15 ஆண்டுப் பதிவை நீட்டிக்க எஃப்.சி. காட்டும் செலவும் உங்கள் தலையில்தான்.

பிரேக் காகிதம், ஏர்பேக் காகிதம் இரண்டும் கைக்கு வந்தால் வாங்கலாம். அப்போதும் ஒன்றை மறக்காதீர்கள்: இந்த வயது வண்டியில் ரீகால் வேலை மட்டும்தான் இலவசம்.

கேள்வி: டீலரிடம் 2021 லிங்கன் நேவிகேட்டரை செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். பெயர் மாற்றிய பிறகு பழைய ரீகால் ஒன்று முடியாமல் இருப்பது தெரியவந்தது. தீப்பிடிக்கலாம், வெளியே நிறுத்துங்கள் என்று போட்டிருக்கிறது. டீலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது சட்டப்படி குற்றம் இல்லையா?
— டல்லாஸ் வாசகி

பதில்: உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. புது வண்டியை ரீகால் பாக்கியோடு டெலிவரி கொடுக்கக் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது. பழைய வண்டியை விற்கலாம்! வாடகைக் கார் தடையும் சும்மா வரவில்லை. 2004-ல் கலிஃபோர்னியாவில் ரீகால் முடிக்காத வாடகைக் காரில் போன சகோதரிகள் இருவர் இறந்தார்கள். அவர்களின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடி 2015-ல் சட்டம் வந்தது. அதுவும் 35 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்குத்தான். டீலர் "ரீகால் எதுவும் பாக்கி இல்லை" என்று எழுத்தில் கொடுத்திருந்தால் கதை வேறு. மாநிலச் சட்டப்படி ஏமாற்று விற்பனை என்று கேட்க வழி உண்டு. விளம்பரத்தையும் விற்பனைக் காகிதங்களையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

உங்கள் ரீகால் 2022-ல் வந்தது. ஃபோர்டு எக்ஸ்பெடிஷனும் நேவிகேட்டரும் சேர்ந்தது. முதலில் 39,000 வண்டி என்றார்கள், பிறகு 66,000 ஆயிற்று. அதற்குள் 21 தீ விபத்துகள். ஆரம்பத்தில் பதிவானவற்றில் பெரும்பாலானவை இன்ஜினை அணைத்து நிறுத்தியிருந்த வண்டியில் பற்றியவை. அதனால்தான் கராஜ் வேண்டாம், வீட்டை ஒட்டியும் வேண்டாம் என்கிறார்கள். காரணம் பேட்டரி ஜங்ஷன் பாக்ஸில் உள்ள சர்க்யூட் போர்டு என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். சரிசெய்வது இலவசம். எந்த ஃபோர்டு, லிங்கன் டீலரிடமும் செய்துகொள்ளலாம், உங்களுக்கு விற்றவரிடமே போக வேண்டியதில்லை. வேலை முடியும்வரை, குளிரோ மழையோ, வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும்.

கேள்வி: 80 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய எஸ்யூவி, வயது 14 மாதம். ஓடும்போதே நடுத் திரை கறுத்துவிடுகிறது. ரிவர்ஸ் கேமரா வேலை செய்வதில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது கியர் தூக்கி அடிக்கிறது. நான்கைந்து முறை விட்டு எடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம், இது நார்மல் சார்" என்கிறார்கள். வண்டி எங்கள் கம்பெனி பெயரில் இருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
— சென்னை வாசகர்

பதில்: போகலாம். ஆனால் முதலில் ஜாப் கார்டுகளை (ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் புகாரை எழுதித் தரும் சீட்டு) எடுத்து மேஜையில் பரப்புங்கள். நீங்கள் சொன்ன புகார் நீங்கள் சொன்னபடியே அவற்றில் இருக்கிறதா? பெரும்பாலும் "ஜெனரல் செக்கப்", "சாஃப்ட்வேர் அப்டேட்" என்றுதான் இருக்கும். வழக்கு என்று வந்தால் கம்பெனி வக்கீல் அதைத்தான் நீட்டுவார்: இவர் வந்தது வழக்கமான சர்வீஸுக்கு, புகார் எதுவும் பதிவாகவில்லை என்று. அடுத்த முறை வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டில் தட்டுவதை எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "60 கி.மீ. வேகத்தில் திரை அணைந்தது, கேமரா 10 நிமிடம் வரவில்லை" என்று தேதி, கிலோமீட்டரோடு எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே நின்று அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். திரை கறுப்பதை அருகில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஓட்டுகிற நீங்கள் எடுக்க வேண்டாம். கியர் அடிப்பதை அவர்களுடைய டெக்னீஷியனை உட்கார வைத்து ஓட்டிக் காட்டி, அதையும் கார்டில் ஏற்றுங்கள்.

"சாஃப்ட்வேர்தானே" என்ற பேச்சை ஏற்காதீர்கள். பின்பக்கக் கேமரா வராததற்காகவே வால்வோ 2025-ல் அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை ரீகால் செய்தது, எக்ஸ்சி90 உள்பட. அதே ஆண்டு அதே கம்பெனிக்கு இதைவிட மோசமான ஒன்று. பிளக்-இன் ஹைபிரிட், எலெக்ட்ரிக் மாடல்களில் ஒரு சாஃப்ட்வேர் பதிப்பு ஏறியபின், குறிப்பிட்ட டிரைவ் மோடில், பிரேக் தொடாமல் 1 நிமிடம் 40 விநாடிக்கு மேல் சரிவில் இறங்கினால் பிரேக் முழுதாகப் போகக்கூடும் என்று தெரிந்தது. 11,000-க்கு மேற்பட்ட வண்டிகள். ஊட்டியிலிருந்து இறங்குகிறவருக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியும். சரி, உங்கள் வண்டிக்கு அப்படி ஆபத்து என்று நான் சொல்லவில்லை. அப்டேட் போட்டாயிற்று என்பது பதில் ஆகாது என்கிறேன். எந்தப் பதிப்பு, எதைச் சரிசெய்தது என்று எழுதிக் கேளுங்கள்.

அரசிடம் புகார் செய்யும் வழியும் உண்டு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளை ரீகால் செய்யும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் விதிகள் நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். அபராதம் ஒரு கோடி ரூபாய்வரை. போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் இணையதளத்தில் உரிமையாளர் புகார் பதியலாம். ஆனால் அந்த மாடல் எத்தனை விற்றதோ அதற்கு ஏற்ற எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் சக்கரம் சுழலும். சொகுசு வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் டிரைவரிடம் சாவியைக் கொடுத்து சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறவர்கள். புகார் சேராது. இருந்தாலும் பதிந்து வையுங்கள், வழக்கில் ஒரு காகிதமாக உதவும்.

இனி நீதிமன்றம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மேல், 2 கோடிக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையம் இல்லை, நேரே மாநில நுகர்வோர் ஆணையம். ஒரு கோடிக்குள் என்றால் கட்டணம் 2,000 ரூபாய்தான். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கம்பெனி பெயரில் உள்ள வண்டி வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கட்டாயம் ஆரம்பிக்கும். அதற்கு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்குக் கம்பெனி வாங்கிய மெர்சிடிஸ் கார்கள் பற்றிய வழக்குகள் அவை. சொந்த உபயோகம் என்றால் கம்பெனியும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பு. வண்டியை வாடகைக்கு விட்டு வருமானம் பார்த்திருந்தால் மட்டும் சிக்கல்.

என்ன கிடைக்கும் என்பதில் அதிகம் ஆசைப்படாதீர்கள். கெட்ட பாகத்தை மாற்றித் தருவதே வாரன்ட்டி, முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் ஒரு மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் கம்பெனிகள் அதைத்தான் எடுத்து வீசுகின்றன. மறுபக்கம், 2022-ல் ஹூண்டாய் கிரெட்டாவில் விபத்தின்போது ஏர்பேக் திறக்காத வழக்கில் இழப்பீட்டோடு வண்டியை மாற்றித் தரும் உத்தரவும் நிலைத்தது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை நிபுணர் அறிக்கைதான் தீர்மானிக்கும். வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனு போடுங்கள். அதுவரை வெளியாள் யாரிடமும் கொடுத்து வயரிங்கில் கைவைக்க விடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு கம்பெனியின் வட்டார மேலாளர் போன் செய்து வாரன்ட்டியை நீட்டித் தருகிறேன் என்று இறங்கி வருவதும் உண்டு. கியர்பாக்ஸை மாற்றி, இரண்டு ஆண்டு கூடுதல் வாரன்ட்டியும் எழுத்தில் தந்தால் நானாக இருந்தால் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

கேள்வி: நான் பார்த்துவைத்த எஸ்யூவிக்கு ஒன்பது ரீகால், அதன் போட்டி வண்டிக்கு இரண்டே இரண்டு. இரண்டாவதுதான் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். ஸ்டிக்கரில் தவறான எடை அச்சானதும் ஒரு ரீகால், பிரேக் போவதும் ஒரு ரீகால். டெஸ்லா 2023 டிசம்பரில் 20 லட்சம் கார்களை ரீகால் செய்தபோது பெரும்பாலானவை வீட்டு வாசலில் நின்றபடியே இணையம் வழியாகத் திருத்தப்பட்டன. எண்ணாதீர்கள், ஒவ்வொன்றையும் படியுங்கள். பிரேக், ஸ்டீயரிங், தீ, ஏர்பேக் இந்த நான்கில் ஒரே கோளாறு இரண்டாம் முறை ரீகால் ஆகியிருந்தால், முதல் முறை செய்த வேலை சரியில்லை என்று பொருள். அங்கேதான் நான் யோசிப்பேன்.

கேள்வி: ரீகால் என்று கூப்பிட்டார்கள், போனேன். பார்ட்ஸ் இலவசம், லேபர் மட்டும் 6,000 என்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
— மதுரை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். ரீகால் என்றால் பாகம், கூலி இரண்டும் கம்பெனி பொறுப்பு. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அங்கிருந்தே போன் செய்து ரீகால் எண்ணைச் சொல்லுங்கள், பெரும்பாலும் அந்த ஒரு போனிலேயே முடிந்துவிடும். ஆனால் அந்த 6,000 உண்மையில் எதற்கு என்று எஸ்டிமேட்டையும் பாருங்கள். வண்டி வந்ததே வந்தது என்று பிரேக் பேட், ஏசி சுத்தம் என்று சேர்த்திருப்பார்கள். ரீகாலுக்குத் தனி ஜாப் கார்டு, மற்ற வேலைக்குத் தனி ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். முதல் கார்டில் தொகை பூஜ்யமாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது வேண்டுமா என்பதை வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம்.